பூனைக்கு ஒரு கை தயிர்சோறு போதுமா? - கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சமையல்

கள்ளக்குறிச்சி பக்கம் பூனைக்குன்னு தனியா யாரும் உலை வச்சதில்லைங்க. மாட்டுக்குக் கழனித்தண்ணி, நாய்க்கு மிச்சம் மீதி, பூனைக்கு ஒரு கை தயிர்சோறு. அவ்வளவுதான் கணக்கு. பூனையும் அதை நக்கிட்டு திண்ணையில சுருண்டு படுத்துக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பரண் மேல ஏறி, தன்னோட மெயின் சாப்பாட்டை அதுவே பார்த்துக்கும்.

இப்ப அதே ஊர்ல கோழிக்கடையில நின்னு, "பூனைக்குதாங்க, தோல் இல்லாம லெக் பீஸா அரைக்கிலோ போடுங்க"ன்னு கேட்கற ஆட்கள் இருக்காங்க. எங்க வீடும் அதுல ஒண்ணு. எங்க வீட்டுப் பூனைக்கு எது கொடுத்தாலும் ரெண்டு நாள்ல வயித்தால போகும். டாக்டர் பார்த்துட்டு, புழு மருந்து கொடுத்து, கொஞ்ச நாளைக்குக் கோழிக்கறியை வெறுமனே வேக வச்சுக் கொடுங்கன்னு சொல்லிட்டார். அம்மா பெங்களூருக்கு போன் போட்டு, "டேய், உப்பு கூட போடாம கறி வேக வைக்கணுமாம்டா, எத்தனை நாளைக்கு இப்படிக் கொடுக்கறதுன்னு கம்ப்யூட்டர்ல பாரு"ன்னாங்க.

பார்க்க ஆரம்பிச்சது இந்தக் கேள்விக்குத்தான். ஆனா பதில் தேடப் போனா லண்டன் தெருவுல குதிரைக்கறி வண்டி, கலிபோர்னியாவுல ஒரு காசநோய் மருத்துவமனை, கண் பார்வை போன ஆய்வகப் பூனைகள்னு எங்கெங்கேயோ இழுத்துட்டுப் போச்சு. பூனை வளர்க்கற பதிவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கறதால எழுதி வைக்கறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க :-)

பூனையோட உத்தியோகம்

மனுஷன் பூனையை வளர்த்தான்னு சொல்றதை விட, பூனை மனுஷனை ஏத்துக்கிச்சுன்னு சொல்றதுதான் சரி. விவசாயம் வந்தது, தானியம் சேர்ந்தது, தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவுல சுமார் 9,500 வருஷம் பழைய ஒரு புதைகுழியில மனுஷனுக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருந்ததை 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டாங்க. 2007-ல் வந்த மரபணு ஆய்வு, இன்னைக்கு உலகத்துல இருக்கற வீட்டுப் பூனை எல்லாமே மேற்கு ஆசியக் காட்டுப்பூனை வழி வந்ததுதான்னு சொல்லிச்சு.

நம்ம பக்கம் பார்த்தா, சங்கப் பாடல்கள்ல வர்ற 'வெருகு' காட்டுப்பூனை. வீட்டுக் கோழியைப் பிடிக்க இருட்டுல பதுங்கி வர்ற வில்லன் கேரக்டர். தொல்காப்பியத்தின் மரபியல், எந்த மிருகத்தோட பிள்ளையை எப்படிச் சொல்லணும்னு பட்டியல் போடும்போது வெருகையும் எலியையும் அணிலையும் ஒரே வகையில சேர்த்து 'குட்டி'ங்கற பேருக்கு உரியதுன்னு சொல்லுது. மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுன்னு சொல்ற ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்துல, கையைத் தூக்கிக்கிட்டுத் தவம் பண்ற மாதிரி நிக்கற பூனையைப் பார்த்திருப்பீங்க. காலடியில எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பிக்கு பூனை என்ன சாப்பிடும்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு. அந்தப் பூனை முன்னாடி அவர் தயிர்சோற்றுக் கிண்ணத்தைச் செதுக்கலை!

எங்க ஊருக்கு மேற்கே தெரியற கல்வராயன் மலையை எடுத்துக்குங்க. கிழக்குத் தொடர்ச்சி மலையில சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன்னு ரெண்டு பகுதி. மலையாளி பழங்குடி மக்களோட ஊர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்துல கொடுத்ததா சொல்லப்படற ஜாகீர்கள் கீழே ரொம்ப காலம் இருந்து, 1976-ல் தான் அரசோட நேரடி நிர்வாகத்துக்கு வந்த மலை இது. சாமை, தினை, கேழ்வரகு விளையற பூமி. விளைஞ்சது அடுத்த அறுவடை வரைக்கும் வீட்டுலயே இருந்தாகணும். கீழே சமவெளியில நெல் குதிர், அடுக்குப்பானை. தானியம் வீட்டுல இருந்தா எலி இருக்கும். எலி இருந்தா பூனைக்கு உத்தியோகம் இருக்கும். உத்தியோகம் இருக்கற வரைக்கும் அதுக்குச் சாப்பாட்டுப் பிரச்சனையே கிடையாது.

பால் குடிக்கற பூனைங்கற கதை

அப்புறம் இந்தப் பால் சமாச்சாரம் எங்கிருந்து வந்தது? நம்ம இலக்கியத்துல பூனைன்னாலே பால்தான். கம்பர் அவையடக்கத்துல தன்னையே ஒரு பூனையா சொல்லிக்கறார். பாற்கடலை முழுசா நக்கிக் குடிச்சுடலாம்னு கிளம்பின பூனை மாதிரி ராமகாதையைச் சொல்ல வந்தேன்னு. (பழைய தமிழ்ல 'பூசை'ன்னா பூனை. மலையாளத்துல இன்னும் 'பூச்ச'தான்.) தெனாலிராமன் கதை இன்னும் பிரபலம். எலித்தொல்லைக்காக ராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதுக்குப் பால் ஊத்த ஒரு பசுவும் கொடுக்கறார். ராமன் முதல் நாளே கொதிக்கற பாலை வச்சு, பூனை வாயைச் சுட்டுக்கிட்டு, அப்புறம் பாலைக் கண்டாலே ஓடுது. பாலை எல்லாம் ராமன் குடிச்சுட்டான்.

கதைன்னு பார்த்தா பூனைக்கு அநியாயம். விஞ்ஞானம்னு பார்த்தா ராமன் தெரியாமலே அந்தப் பூனையோட வயித்துக்கு நல்லதுதான் பண்ணியிருக்கான் :-) பாலில் இருக்கற லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கற நொதி, பூனைக்குட்டி தாய்ப்பால் மறந்த பிறகு ரொம்பக் குறைஞ்சு போயிடுது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் தண்ணியை இழுக்கும், அங்க புளிக்கும். விளைவு உங்களுக்கே தெரியும். தயிர்ல லாக்டோஸ் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அடிக்கடி வயித்தால போற பூனைக்கு முதல்ல நிறுத்த வேண்டியது பால்தான்.

இன்னொரு தகவல். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அந்தச் சுவையை உணர வேண்டிய மரபணு அதுக்கு வேலை செய்யறதில்லைன்னு 2005-ல் கண்டுபிடிச்சாங்க. சர்க்கரையும் மாவும் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லாத பிராணி.

லண்டன்ல கறிக்காரர், அமெரிக்காவுல டப்பா

பூனைக்குன்னே கறி வேக வச்சு விக்கறது புது வியாபாரம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன்ல அது ஒரு தனித் தொழில். வண்டி இழுத்துக் களைச்சு செத்த குதிரைகளோட கறியைப் பெரிய கொப்பரையில வேக வச்சு, துண்டு போட்டு, குச்சியில குத்தி, தெருத் தெருவா வித்துட்டுப் போவாங்க. ஹென்றி மேஹ்யூ 1851-ல் லண்டன் ஏழைத் தொழிலாளிகளைப் பத்தி எழுதின புத்தகத்துல இந்தக் கறிக்காரர்களும் வர்றாங்க.

அப்புறம் தகர டப்பா வந்தது. இரண்டாம் உலகப் போர்ல தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் அமெரிக்கக் கம்பெனிகள் உலர் தீவனத்துக்கு மாறினாங்க. பூனை எலி பிடிக்கறதை விட்டுட்டு மனுஷன் கையை மட்டும் நம்பி உட்கார்ந்தது இந்தக் காலத்துலதான். நாம போடறதுதான் மொத்தச் சாப்பாடு, அதுல ஏதாவது விட்டுப்போனா ஈடுகட்ட எலி கிடையாது. பிரச்சனை ஆரம்பிச்சதும் இங்கதான்.

பாட்டெஞ்சரின் பூனைகள்

கலிபோர்னியாவுல மன்ரோவியான்னு ஒரு ஊர். அங்க காசநோய் மருத்துவமனை நடத்தின குடும்பத்தைச் சேர்ந்தவர் டாக்டர் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் ஜூனியர். அட்ரினல் சுரப்பிச் சாறு பத்தின ஆராய்ச்சிக்காகப் பூனைகள் வச்சிருந்தார். மருத்துவமனைச் சமையல்ல மிஞ்சின வெந்த கறியைப் போட்டார். பூனை எண்ணிக்கை கூடினதும் சமைச்சது பத்தாம, பக்கத்து இறைச்சி ஆலையிலிருந்து பச்சைக் கறி வாங்கி ஒரு பகுதிப் பூனைகளுக்குப் போட்டார். கொஞ்ச மாசத்துலயே ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சது. பச்சைக் கறிக் கூட்டம் திடமா இருந்தது.

சும்மா விடலை மனுஷன். 1932-லிருந்து 1942 வரைக்கும் பத்து வருஷம், சுமார் 900 பூனைகளை வச்சுப் பார்த்தார். வெந்த கறி தின்ன கூட்டத்துல அடுத்தடுத்த தலைமுறையில எலும்பு கோணல், பல் கோளாறு, குட்டி தங்காமப் போறது. மூணாவது தலைமுறைக்கு அப்புறம் வம்சமே நீளலை.

இதைப் படிச்சதும் நான் அம்மாவுக்கு உடனே போன் போடலை. ஏன்னா கதை இங்க முடியலை. பாட்டெஞ்சர் சமைச்சதால ஏதோ 'உயிர்ச்சத்து' செத்துடுதுன்னு நினைச்சார். அது என்னன்னு அவரால சொல்ல முடியலை. இன்னைக்கும் "பச்சைக் கறிதான் கொடுக்கணும்"னு வாதாடறவங்க இவர் பேரைத்தான் இழுப்பாங்க. பாட்டெஞ்சர் முடிவை மட்டும் எடுத்துக்கிட்டு, அதுக்கு அப்புறம் நடந்த 45 வருஷ ஆராய்ச்சியை விட்டுடுவாங்க.

காளைமாட்டுப் பித்தத்துல கிடைச்ச விடை

1827-ல் ஜெர்மனியில டீடமான், மெலின்னு ரெண்டு பேர் மாட்டுப் பித்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரிச்சாங்க. லத்தீன்ல காளைக்கு 'டாரஸ்', அதனால இதுக்கு டாரின்னு பேர். ஒண்ணரை நூற்றாண்டுக்கு இதை யாரும் பெருசா கண்டுக்கலை.

1975-ல் ஹேஸ் என்பவரும் கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. காசீன், அதாவது பால் புரதத்தை மட்டும் புரதமா கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை அழிஞ்சு பார்வை போச்சு. காரணம் டாரின் பற்றாக்குறை. பால் புரதம்ங்க! நம்ம தயிர்சோற்றுல இருக்கற ஒரே உருப்படியான புரதம் அதுதான்.

1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து பால் பியோன் குழு அடுத்த குண்டு போட்டாங்க. கடையில வாங்கின தீவனம் தின்ன பூனைகளுக்கே இதயம் வீங்கிப் பலவீனமாகற நோய் வந்தது, ரத்தத்துல டாரின் குறைஞ்சிருந்தது, டாரின் கொடுத்ததும் இதயம் தேறிச்சு. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் தீவனத்துல டாரின் அளவைக் கூட்டினாங்க. அதாவது டப்பா தீவனமும் ஆரம்பத்துலயே சரியா வந்துடலை, பூனைங்க உயிரைக் கொடுத்துத்தான் அந்த பக்கை டிபக் பண்ணியிருக்கு.

பூனைக்கு மட்டும் ஏன் இப்படி? டாரினை அதன் உடம்பு ரொம்பக் கொஞ்சமாத்தான் தயாரிக்கும். ஆனா கொழுப்பைச் செரிக்கற பித்த அமிலத்தைக் கட்ட அதுக்கு டாரின் மட்டும்தான் உதவும். நமக்கு கிளைசின்னு மாற்று இருக்கு, பூனைக்கு அது கிடையாது. பித்தம் வழியா தினமும் கொஞ்சம் வெளியே போயிட்டே இருக்கும். வயித்துப்போக்கு உள்ள பூனைக்கு இன்னும் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. 2002-ல் டேவிஸ் ஆட்களே இன்னொண்ணும் பார்த்தாங்க: சாப்பாட்டுல அரிசித் தவிடு சேர்த்தா பூனை ரத்தத்துல டாரின் குறையுது. ரைஸ் மில் நிறைய உள்ள ஊர்க்காரங்க கவனிக்க!

இப்ப ஆயா காலத்துக் கணக்கு புரியுதா? ஒரு கை தயிர்சோறும் ராத்திரி ரெண்டு எலியும். எலியோட தசையில, இதயத்துல, மூளையில டாரின் இருக்கு. எலும்புல கால்சியம். ஈரல்ல வைட்டமின் ஏ. எலி ஒரு முழுச் சாப்பாடு. தயிர்சோறு சும்மா சைடு டிஷ். எங்க ஆயா "நான் தயிர்சோறு போட்டே பதினஞ்சு வருஷம் பூனை வளர்த்தேன்"னு சொன்னா அது பொய் இல்லை. வளர்த்தது பாதி ஆயா, பாதி எலி.

அந்த எலி இப்ப இல்லை, இருந்தாலும் பூனை தின்னக் கூடாது. குதிர் போய் ரேஷன் அரிசியும் கடை மூட்டையும் வந்தாச்சு. மலையில சாமை விளைஞ்ச இடத்துல நிறைய மரவள்ளி. கிழங்கு வீட்டுல தங்காது, பிடுங்கினதும் லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போயிடும். மிஞ்சின எலிக்கு விஷம் வைக்கறோம், அதைத் தின்ற பூனையும் சாகும். பூனையோட உத்தியோகம் போச்சு, தயிர்சோறு மட்டும் அப்படியே தொடருது. பிரச்சனை பூனை வயித்துல மட்டும் இல்லைங்க.

சரி, எப்படி வேக வைக்கறது?

பாட்டெஞ்சர் கேள்விக்கு இப்ப பதில் சொல்லலாம். டாரின் சூட்டுல அவ்வளவா அழியாது, ஆனா தண்ணியில கரையும். கறியை நிறைய தண்ணியில வேக வச்சு, தண்ணியைக் கொட்டினா டாரினையும் கொட்டறீங்க. தண்ணியைக் கொட்டாம இருந்தா அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை. பச்சைக் கறியில சால்மொனெல்லா மாதிரி கிருமி வரும், ஏற்கனவே வயிறு சரியில்லாத பூனைக்கும் அதை வெட்டற நமக்கும் அது ஆகாது. அதனால வேக வைக்கறதுதான் சரி. எங்க வீட்டுல செய்யறது:

- கோழி தொடைக்கறி, தோல், கொழுப்பு, எலும்பு எடுத்தது. நெஞ்சுக்கறியை விட தொடைக்கறியில டாரின் அதிகம். கோழி இருதயம் கிடைச்சா ரெண்டு மூணு சேர்க்கலாம், அதுல இன்னும் அதிகம்.
- கறி முங்கற அளவுக்கு மட்டும் தண்ணி. மூடி போட்டு சின்னத் தீயில உள்ளே சிவப்பு இல்லாம வேகற வரைக்கும்.
- உப்பு, மிளகாய், மசாலா, எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. இது பூனையோட ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சு ரத்தசோகை உண்டாக்கும். குழம்புல இருந்து துண்டை எடுத்துக் கழுவிப் போடறதும் கூடாது.
- ஆறினதும் நாரா பிச்சு, அதே சாறோட கலந்து, வெதுவெதுன்னு கொடுக்கணும். மேல படியற கொழுப்பை எடுத்துடலாம்.
- வெந்த எலும்பு கூடாது. சில்லு சில்லா உடைஞ்சு குடலைக் குத்தும்.
- நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சுமார் 200-லிருந்து 250 கலோரி. வெந்த கறி ஏறக்குறைய 120-லிருந்து 150 கிராம். ஒரே தடவையா வைக்காம நாலஞ்சு வேளையா பிரிச்சு வச்சா வயிறு தாங்கும்.
- புதுச் சாப்பாட்டுக்கு மாத்தும்போது ஒரு வாரம் எடுத்து, பழையதைக் குறைச்சு புதுசைக் கூட்டணும்.

மீன் விரும்பிகளுக்கு ஒரு வார்த்தை. 1930-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவுல, பச்சை மீன் போட்டு வளர்த்த பண்ணை நரிகள் பக்கவாதம் வந்து செத்தது. பல மீன்கள்ல வைட்டமின் பி1-ஐ அழிக்கற நொதி இருக்கு, பூனைக்கும் அதே கதைதான். வேக வச்சா அந்த நொதி அழிஞ்சுடும். கருவாடு உப்பு, வேண்டாம்.

எத்தனை நாளைக்கு?

அம்மாவோட கேள்விக்கு இதுதான் முக்கியமான பதில். வெறும் வெந்த கறி சில நாளைக்கு, வயிறு ஆறற வரைக்கும். அதையே மாசக்கணக்குல கொடுத்தா வேற வம்பு வரும். கறியில பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் கொஞ்சம். ரத்தத்துல கால்சியத்தைச் சமாளிக்க உடம்பு எலும்பைக் கரைக்கும். லண்டன்ல பாட்ரீசியா ஸ்காட் குழு வெறும் கறி மட்டும் போட்டு வளர்த்த பூனைக்குட்டிகள்ல இதை 1950, 60-களில் விளக்கமா காட்டினாங்க. பாட்டெஞ்சர் பார்த்த எலும்புக் கோணல்ல இதுக்கும் பங்கு இருந்திருக்கலாம்னு எனக்குத் தோணுது.

"அப்ப ஈரல் போடலாமே"ன்னு கிளம்பாதீங்க. தினமும் ஈரலே தின்ன பூனைகளுக்கு வைட்டமின் ஏ கூடிப் போய் கழுத்தெலும்பு ஒட்டிக்கிட்டு, தலையைத் திருப்ப முடியாமப் போனதை ஆஸ்திரேலியாவுல 1960-களில் ஆராய்ந்து எழுதியிருக்காங்க. வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னத் துண்டு போதும்.

நிரந்தரமா வீட்டுச் சாப்பாடுதான்னு முடிவு பண்ணினா கால்சியம், டாரின், மத்த வைட்டமின் எல்லாம் பூனையோட எடைக்குக் கணக்குப் போட்டுச் சேர்க்கணும். அது நாம நெட்ல பார்த்துப் போடற கணக்கு இல்லை, கால்நடை மருத்துவர் போட வேண்டியது. சென்னைக்கோ நாமக்கல்லுக்கோதான் போகணும்னு இருந்த காலம் போய், எங்க ஊர்லேர்ந்து சேலம் போற வழியிலேயே தலைவாசல் பக்கம் 2021-ல் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் வந்தாச்சு.

இன்னொண்ணு, இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்குங்க. வயித்தால போறது ரெண்டு நாளைத் தாண்டினாலோ, ரத்தம் வந்தாலோ, பூனை ஒரு நாள் முழுக்க எதுவுமே தின்னாம இருந்தாலோ சமையல் பரிசோதனை பண்ணிக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். பட்டினி கிடக்கற பூனைக்கு, குறிப்பா குண்டுப் பூனைக்கு, ஈரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். "லங்கணம் பரம ஔஷதம்" பூனைக்குச் செல்லாது. குட்டியா இருந்தா ஒரு நாள் கூட காத்திருக்க வேண்டாம்.

எங்க வீட்டுப் பூனை இப்ப டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியமும் டாரினும் கலந்த கோழிக்கறியில தேறிட்டு வருது. ஆயா மட்டும் இன்னும் ஒத்துக்கலை. "பூனைக்கு விசில் விட்டுக் கறி வேக வைக்கற வீட்டை இப்பதான்டா பார்க்கறேன்"ங்கறாங்க.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல முன்னாடி பூனைக்கு என்ன வைப்பாங்க? நெல்லோ சிறுதானியமோ வீட்டுல சேர்த்து வச்ச காலத்துல பூனை எப்படி இருந்ததுன்னு பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க. இதெல்லாம் யாரும் புத்தகத்துல எழுதி வைக்காத வரலாறு, நாமளாவது எழுதி வைப்போம்.